அப்பாவின் லிங்கத்தோடு சங்ககிரிக்கு

பினாங்கு விமான நிலையத்தில் என் கைப்பையை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள். உள்ளே எலுமிச்சை அளவில் கறுப்பாக ஏதோ தெரிகிறதாம். வெள்ளிச் சிமிழைத் திறந்து காட்டினேன். சீருடையில் இருந்த இளம்பெண் அதைத் தொடாமல் குனிந்து பார்த்து, இது என்ன என்று மலாயில் கேட்டாள். என் அப்பாவுடைய சாமி என்றேன். அப்பா கூட வரவில்லையா என்றாள். இறந்துவிட்டார் என்றதும், அதற்கு மேல் எதுவும் கேட்காமல் பையை மூடிக் கொடுத்துவிட்டாள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாற்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்தவளுக்கு யாராவது கேள்வி கேட்டால் போதும், பாடம் தொடங்கிவிடும். எங்கள் ஆட்கள் வீரசைவர்கள். எண்ணூறு தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்னால் கன்னட நாட்டில் வண்ணாரும் செருப்புத் தைப்பவரும் ஓடக்காரரும் வீட்டு வேலை செய்த பெண்களும் ஒன்றுகூடி, கோயிலும் வேண்டாம், வேள்வியும் வேண்டாம், பிறப்பால் மேல் கீழ் என்பதும் வேண்டாம் என்று பாடினார்கள். ஆளுக்கொரு லிங்கத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். தமிழ் நாட்டில் அதற்கு முன்பே அடியார்கள் ஊர் ஊராக நடந்து ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பதிகம் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் முன்னோர்களோ, போய்ப் பார்க்க வேண்டிய ஊரே இல்லை, எல்லாம் நெஞ்சுக்கு நேரே தொங்குகிறது என்றார்கள். அந்த வழியில் வந்த சில குடும்பங்கள் தறியும் வியாபாரமுமாகச் சேலத்துச் சமவெளிக்கு இறங்கி வந்து தங்கிவிட்டன. அதில் ஒன்று எங்களுடையது.

பிள்ளை பிறந்ததும் கட்டுகிற லிங்கம் சாகும்வரை உடம்பை விட்டுப் பிரியக் கூடாது. செத்த பிறகும் பிரியாது. எங்களில் எரிப்பதில்லை, உட்கார்ந்த நிலையில் புதைப்பார்கள். அப்போது அந்த லிங்கத்தை இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவார்கள். ஒருவருக்கு ஒன்று. அவரோடு வந்தது அவரோடு போக வேண்டும்.

என் அப்பா நஞ்சப்பன் இருபது வயதில் வெண்ணந்தூரை விட்டுப் பினாங்குக்கு வந்து துணிக்கடை வைத்தவர். தெருவெங்கும் மீனும் இறாலும் வறுபடுகிற ஊரில், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாமல் அறுபது வருடம் வாழ்ந்தார். லிங்கத்தைக் கையில் ஏந்தித் தண்ணீர் காட்டாமல் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அவரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். நானும் தொற்றோடு வீட்டில் அடைபட்டுக் கிடந்தேன். ஏழாம் நாள் தொலைபேசி வந்தது. உடம்பை அவர்களே எரித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் ஒரு நெகிழிப் பையைக் கொடுத்தார்கள். அதில் மூக்குக் கண்ணாடி, பல்செட், இந்த வெள்ளிச் சிமிழ்.

செய்தி போன அன்றே சங்ககிரியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டிருந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. அழுது முடித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "எரிச்சது போவுது சாமி, அது கவர்மெண்டு சட்டம். லிங்கத்தக் கையில கொடுத்தீங்களா?" கொடுத்தோம் சித்தப்பா என்றேன். நானே உறை போட்ட கையால் வைத்தேன் என்றும் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்திய வாய்தான்.

மூன்று வருடம் அந்தப் பொய்யோடு இருந்தேன். பணி ஓய்வு பெற்றதும் கிளம்பிவிட்டேன். சித்தப்பாவிடம் நேரில் உண்மையைச் சொல்லி, லிங்கத்தை அவர் கையில் ஒப்படைத்து, அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்பது திட்டம். திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி.

சேலத்தில் இறங்கியதும் முதல் வேலையாகத் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய காரட்டும் பீட்ரூட்டும் வைத்து, இரண்டு நிறத்தில் சட்னி தடவி, தள்ளுவண்டிக்காரர் ஒரு கையாலேயே அடுக்கிக் கொடுத்தார். அப்பா இதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எச்சில் விழுங்குவார். எனக்குக் காரம் தலைக்கேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. "மொத தடவைங்களா? அடுத்ததுக்குச் சரியாயிருமுங்க" என்று வண்டிக்காரர் இன்னொன்றை நீட்டினார். அதையும் தின்றேன்.

பேருந்து சங்ககிரி ஊருக்குள் போகாது என்பதை டிக்கெட் கொடுத்த பிறகுதான் நடத்துநர் சொன்னார். மேம்பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் லாரி. வைக்கோல் லாரி, சிமெண்டு லாரி, முட்டைத் தட்டுகளை வீடு உயரத்துக்கு அடுக்கிய லாரி. பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் நின்றேன். டயர் கடையில் இருந்தவரிடம் சித்தப்பா பேரைச் சொன்னேன். "டிரைவர் மகாலிங்கண்ணன் ஊடுங்களா?" என்று எழுந்தவர், கடையை அப்படியே போட்டுவிட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் ஊரில் வாடகைக் காரைக் கூப்பிடுவதற்குள் ஏழு பொத்தான் அழுத்த வேண்டும்.

சித்தப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. நாற்பது வருடம் லாரி ஓட்டி, இப்போது மகனிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். மகன் குஜராத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். மருமகள் கௌரி அரிசிம்பருப்புச் சோறும் கட்டித் தயிரும் வைத்தாள். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது தமிழ் கலந்த ஒரு பழைய கன்னடம். சோறு போடும்போது கௌரி மாமனாரிடம் அந்தப் பேச்சில் கேட்டது, அப்பா பேசிக் கேட்டிருந்த எனக்கும் புரிந்தது: "அக்கா கழுத்தில் லிங்கம் இல்லையே?" சித்தப்பா சொன்னார்: "தூர தேசம். இருக்கிறவர்களிடம் இருக்கட்டும்."

என்னுடையதை விடுதியில் தங்கிப் படித்த வருடம் கழற்றினேன். எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அன்று இரவுச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். அண்ணன் செத்த செய்தி வந்த மாதம் முழுக்கத் தூக்கம் இல்லையாம். கையில் லிங்கத்தோடு போனான் என்ற ஒன்றுதான் தன்னைப் பிடித்து நிறுத்தியதாம். "நீ ஒருத்தி இருந்தயே சாமி, அது போதும்" என்றார். நான் தயிரைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் காலை, கிணற்றடியில் அவர் லிங்கபூசை செய்வதைத் தள்ளி நின்று பார்த்தேன். இடது கையில் வைத்து, தண்ணீர் விட்டு, திருநீறு பூசி, ஒற்றை வில்வ இலை. மணி இல்லை, விளக்கு இல்லை. லாரி ஓட்டிய காலத்தில் பெட்ரோல் பங்குக் குழாயடியில், பனி பெய்யும் காஷ்மீரச் சாலையோரத்தில், எங்கேயும் இதை விட்டதில்லை என்றார். ஒரு தடவை வடக்கே ஏதோ செக்போஸ்டில் கழுத்தில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். என் கோயில், சாவி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று இந்தியில் சொன்னாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பெரிய மடங்களில் படித்தவர்கள் ஒரு புத்தகம் முழுக்க எழுதுவதை இவர் டீசல் வாசனையோடு ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

பேச்சு முடிவதற்குள் வெண்ணந்தூரிலிருந்து சாவுச் செய்தி வந்தது. பெரியம்மா முறை ஆகிற ஒருவர். நீயும் வா, நம் சாவு எப்படி என்று பார்த்த மாதிரி இருக்கும் என்று சித்தப்பா காரை எடுத்தார். அவர் கார் ஓட்டினாலும் லாரி ஓட்டுகிற நினைப்பில்தான் ஓட்டுகிறார். எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்க வேண்டும். பாதி வழியில் டயர் வெடித்தது. பின்னால் வந்த போர்வெல் வண்டிக்காரர்கள் நிறுத்தி, ஜாக்கியோடு இறங்கினார்கள். நான்கு பேரும் ஒடிசாக்காரர்கள். சித்தப்பா அவர்களோடு இந்தியில் ஏதோ பேசினார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "எந்த ஊர்ல குழி போட்டாலும் தண்ணி வருதோ இல்லியோ, ஊட்டு நெனப்பு வந்துருதுன்றான்" என்றார்.

வெண்ணந்தூரில் அந்தத் தெருவில் மட்டும் விசைத்தறிகள் நின்றிருந்தன. அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. இறந்தவரைச் சுவரில் சாய்த்து, சம்மணமிட்டு உட்கார வைத்திருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு. கொஞ்ச நேரத்தில் எழுந்து காப்பி வைக்கப் போகிறவர் போலத்தான் இருந்தார். பினாங்கில் எங்கள் தமிழர்களின் சாவுக்கு நான் சுடுகாடு வரை போனதில்லை. பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். இங்கே பெண்கள் எல்லோரும் கூடவே நடந்தார்கள். சாவில் தீட்டு இல்லை என்று அந்தப் பழைய ஆட்கள் பாடிவிட்டுப் போனது, கொங்கு நாட்டு மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் நடக்கும் இந்தப் பெண்களின் காலில் இன்னும் இருக்கிறது.

எல்லாமே மிஞ்சவில்லை. குழியை அத்தனை நேர்த்தியாக, உட்காரத் திட்டு விட்டு வெட்டியிருந்த இரண்டு பேர் மண்வெட்டியோடு வேலிக்கு அப்பால் நின்றார்கள். அவர்களுக்குத் தண்ணீர் தனிச் செம்பில் போனது. சாதி இல்லை என்றவர்களின் பிள்ளைகள் நாங்கள். சான்றிதழில் எங்களுக்கும் ஒரு சாதி இருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனால் செம்பைப் பற்றி நானும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

குழிக்குள் இறங்கியது இறந்தவரின் மகள். அம்மாவின் கழுத்துச் சிமிழைத் திறந்து, லிங்கத்தை எடுத்து, அம்மாவின் இடது உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாக நீவி நீவி மடக்கினாள். பிறகு அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் மூடிக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். உப்பும் திருநீறும் வில்வமும் மேலே விழுந்தன.

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. முன்பின் அறியாத பெரியம்மாவுக்காக இப்படி அழுகிறாளே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா என் தோளில் கை வைத்து அவர்களிடம் சொன்னார்: "எங்கண்ணன் புள்ளைங்க இது. கொள்ளை நோயில ஒருத்தரும் பக்கத்துல போவாத நேரத்துல, அப்பன் கையில லிங்கத்தக் கொடுத்த புள்ளைங்க."

குழியிலிருந்து ஏறி வந்த அந்த மகள், மண்ணும் திருநீறுமாக இருந்த கையால் என் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் தோள்பையில் அப்பாவின் சிமிழ் இருந்தது.

கிளம்பும் முன் அங்கே சடங்கு செய்த சாமியாரைத் தனியாகப் பிடித்து, தெரிந்த ஒருவருக்கு நடந்தது போல விசாரித்தேன். உடம்பு போய் லிங்கம் தங்கிவிட்டால் என்ன செய்வது? ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னார். எனக்கு வழி கிடைத்துவிட்டது. யாரும் அறிய வேண்டியதில்லை.

மூன்றாம் நாள், துணி எடுக்கப் போவதாகக் கௌரியிடம் சொல்லிவிட்டுப் பள்ளிபாளையம் போனேன். பொய் ஒன்று சொன்னால் அது தனியாக இருக்காது, துணைக்கு ஆள் சேர்க்கும். காவிரிப் படித்துறையில் இரண்டு பெண்கள் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் ஈரோடு. தண்ணீர் அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து சிமிழைத் திறந்தேன்.

இந்த மூன்று வருடத்தில் நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கறுப்புப் பூச்சு முழுக்க மெல்லிய விரிசல். அப்பா தினமும் விரலால் தடவித் தடவி வழவழப்பாக வைத்திருந்த இடம் வறண்டு வெளுத்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போர்வை துவைத்த பெண்களில் ஒருத்தி, "அஸ்தி கரைக்கறதுன்னா கொஞ்சம் கீழ தள்ளிப் போயிருங்க்கா, அங்கதான் இழுப்பு இருக்குது" என்றாள். ஒத்தாசையாகத்தான் சொன்னாள். நான் கரைக்க வந்தது அப்பாவை அல்ல, என் பொய்யை என்று அப்போதுதான் உறைத்தது. சிமிழை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சித்தப்பா வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சிமிழை அவர் பக்கத்தில் வைத்தேன். அண்ணனுடைய சிமிழை அவருக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே தட்டாரிடம் செய்தவை. எல்லாவற்றையும் சொன்னேன். நெகிழிப் பை, கண்ணாடி, பல்செட், எதையும் விடவில்லை. அழவில்லை, அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

அவர் சிமிழைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "இத்தன நாளா எங்க இருந்துச்சு?"

அலமாரியில் என்றேன்.

"தண்ணி காட்டுனயா?"

இல்லை என்றேன். எனக்குத் தெரியாது, தோன்றவில்லை என்று என்னென்னவோ சொன்னேன்.

"மூணு வருசம் பட்டினி போட்டிருக்கறயே சாமி." அப்போதுதான் அவர் அழுதார். பொய்க்கு அழவில்லை. எழுபத்து நான்கு வயது மனிதர், லாரி விபத்தில் கால் முறிந்தபோதும் அழாதவர் என்று கௌரி சொல்லியிருந்தாள். துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊரெல்லாம் சொன்னேனே, ஊரெல்லாம் சொன்னேனே என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. சிமிழை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. கௌரி இரண்டு தட்டையும் மூடி வைத்தாள்.

மறுநாள் காலை கிணற்றடிக்குப் போனேன். தன்னுடையதை அவர் இன்னும் எடுக்கவில்லை. அண்ணனுடையது அவர் இடது கையில் இருந்தது. சொட்டுச் சொட்டாக நெடுநேரம் தண்ணீர் விட்டார். பிறகு நல்லெண்ணெயைத் தொட்டு விரிசல் மீது விரலால் தடவினார். ஒருவருடைய லிங்கத்துக்கு இன்னொருவர் பூசை செய்யக் கூடாது, மாமா இதுவரை முறை தவறியதே இல்லை என்று கௌரி என் காதருகில் சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலைச் சாப்பாடு ஆயிற்று. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

மத்தியானம் நான் கிளம்ப வேண்டும். பெட்டியைக் காரில் வைத்து மேம்பாலத்தடி வரை அவரே ஓட்டி வந்தார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூசி கிளப்பிப் போயின. லிங்கத்தை நீயே திரும்பக் கொண்டு போ என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நீ கேட்டாலும் தரமாட்டேன் என்று சொல்வாரோ என்றும் பயந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இனி அது எங்கிட்டயே இருக்கட்டும். ஆத்துல உட மாட்டேன். நான் போற அன்னிக்கு எடது கையில என்னுது. வலது கை சும்மாத்தான இருக்கும். அதுல அவன்து."

அப்படி வழக்கம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தார்.

"வழக்கத்த அப்பறம் பாத்துக்கலாம். கௌரிகிட்டச் சொல்லிட்டேன், நீ வர ரெண்டு நாள் ஆனாலும் குழிய மூடக் கூடாதுன்னு. உங்கப்பன் கையில உன்னால வெக்க முடியல. எங்கையில வந்து வெய்யி. நீதான் வெக்கோணும்."

பேருந்து வந்துவிட்டது. நடத்துநர் விசில் ஊதினார். காரிலிருந்து இறங்கும் முன் அவருடைய வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தேன். காய்த்துப்போன, அகலமான கை. நல்ல சூடாக இருந்தது. அது சில்லிட்டுப் போகிற அன்று நான் வந்து சேர வேண்டும்.